களிப்பும் கள்ளும்

கேள்வி: ‘வெற்றிக் களிப்பு’ என்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறேன். களிப்பு என்ற சொல் கள்ளிலிருந்து பிறந்தது என்கிறார் என் நண்பர். உண்மையா? மகிழ்ச்சிக்கும் களிப்புக்கும் வேறுபாடு உண்டா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிதான். கள், களி, களிப்பு மூன்றும் ஒரே குடும்பம். களித்தல் என்றால் கள்ளுண்டு மயங்குதல் என்ற பொருளும் உண்டு. திருக்குறளில் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ‘களித்தான்’ என்று வருபவன் குடித்து மயங்கியவன். அவனுக்குக் காரணம் காட்டித் திருத்த முயல்வது, நீருக்குள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்குச் சமம் என்கிறார் வள்ளுவர். அவரே 1281ஆம் குறளில், நினைத்த மாத்திரத்தில் களிப்பது கள்ளுக்கு இல்லை, காதலுக்கு உண்டு என்கிறார். குடிக்காமலே வரும் போதைக்கும் அதே சொல்தான். ஒரே நூலுக்குள் இரண்டு பொருளும் உயிரோடு இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

வெற்றி இதில் எப்படிச் சேர்ந்தது? தொல்காப்பியம் வெட்சித் திணையில் ‘உண்டாட்டு’ என்றொரு துறையைச் சொல்கிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வந்த மறவர்கள் கள்ளுண்டு ஆடிக் கொண்டாடுவது அது. வென்றவன் களிப்பதும் கள்ளுண்டவன் களிப்பதும் அன்றைக்கு ஒரே இடத்தில், ஒரே பொழுதில் நடந்தவை.

இதை வைத்துக்கொண்டு களிப்பு தாழ்ந்த சொல், மகிழ்ச்சி தூய சொல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சங்கப் பாடல்களில் ‘மகிழ்’ என்பதற்கும் கள் என்ற பொருள் உண்டு. காலப்போக்கில் மகிழ்ச்சியிலிருந்து அந்த வாடை போய்விட்டது. களிப்பில் மட்டும் தன்னை மறந்து துள்ளும் வேகம் இன்னும் மிச்சமிருக்கிறது. வேறுபாடு என்று கேட்டால் அதுதான்.

திருவாதிரைக் களியையும் உளுந்தங்களியையும் இதோடு சேர்க்க வேண்டாம். குழைந்த பண்டத்தைக் குறிக்கும் அந்தக் களி வேறு சொல்.

கோப்பையை வென்ற அணிக்கும், தேர்தல் முடிவு வந்ததும் பட்டாசு வெடிக்கும் தெருவுக்கும் ‘களிப்பு’ என்று தயங்காமல் எழுதலாம். திருமண அழைப்பிதழுக்கு ‘மகிழ்ச்சி’யே பொருத்தம்.