பட்டறை எந்திரங்களுக்குக் காப்பீடு: அவலாஞ்சி மழை தரும் பாடம்

கடைச் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் செய்வது இன்று நம்மிடையே ஓரளவு பழக்கத்திற்கு வந்துவிட்டது. ஆனால் கடையின் பின்கட்டிலோ வீட்டை ஒட்டிய கொட்டகையிலோ ஓடிக்கொண்டிருக்கும் எந்திரங்களைப் பற்றி நம்மில் பலர் நினைப்பதே இல்லை. சரக்கு போனால் கடனுக்காவது மறுசரக்கு வாங்கி ஒரு மாதத்தில் கடையைத் திறந்துவிடலாம். எந்திரம் போனால் தொழிலே நின்றுவிடும். எனவே இவ்விதழில் பட்டறைக் காப்பீடு குறித்துச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நீலகிரி மாவட்டத்தில் உள்ள அவலாஞ்சி என்ற பெயரே மலைச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் அங்கு 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவே என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு நாள் மழையின் கடுமை புரியும். மண்சரிவால் சாலைகள் துண்டிக்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டு முன்னர், 2009 நவம்பரில், கேத்தி, குன்னூர் பகுதிகளில் பெய்த பெருமழையும் மண்சரிவும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலி கொண்டன. மலையில்தான் இப்படி என்று சமவெளி வணிகர்கள் இருந்துவிட முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தொழிற்பேட்டைகளில் எத்தனையோ சிறு பட்டறைகள் மூழ்கியதை நாம் அறிவோம்.

உதகை, குன்னூர், எமரால்டு பகுதிகளில் சாக்லேட் தயாரிப்போர், வர்க்கி சுடும் பேக்கரிக்காரர்கள், தைலம் காய்ச்சுவோர், தையல் பட்டறை, மரப்பட்டறை, லேத் பட்டறை நடத்துவோர் எனப் பலர் வீட்டோடு சேர்ந்தே தொழில் செய்கிறார்கள். இவர்களும், இவர்களைப் போன்ற பிற ஊர் அன்பர்களும் கவனிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

எந்த பாலிசி?

வீட்டுக் காப்பீடு குடியிருக்கும் வீட்டுக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் உரியது. பட்டறை வீட்டிற்குள்ளேயே இருந்தாலும், தொழில் எந்திரங்களை அந்த பாலிசி காப்பாற்றும் என்று நம்பியிருக்கக் கூடாது. தொழிலுக்கெனத் தனி பாலிசி வேண்டும்.

2021 ஏப்ரல் 1 முதல், ஓரிடத்தில் உள்ள சொத்துக்களின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத தொழில்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொது வடிவ பாலிசி நடைமுறைக்கு வந்துள்ளது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், மண்சரிவு, கலவரம் ஆகியவை இதில் அடங்கும். எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை நிபந்தனைகள் ஒன்றே.

இதில் அடங்காதவையும் உண்டு. மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் மோட்டார் கருகினால் அந்த மோட்டாருக்கு இழப்பீடு வராது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு வரும். மோட்டாருக்கும் வேண்டுமானால் எந்திரப் பழுதுக் காப்பீட்டைத் தனியே எடுக்க வேண்டும். திருட்டுக்கும் தனி பாலிசி உண்டு. அதற்குப் பெரும்பாலும் பூட்டை உடைத்து உள்ளே நுழைந்த அடையாளம் கேட்பார்கள். மலை ஈரத்தில் நாளடைவில் பிடிக்கும் துருவுக்கு எதிலும் இழப்பீடு கிடையாது.

மண்சரிவில் ஒரு நுணுக்கம்

மலைப்பகுதி அன்பர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். மண்சரிவு பாலிசியில் இருக்கிறது என்றாலும் சில விலக்குகள் உண்டு. மண் கொட்டி மேடாக்கிய இடம் அமுங்கினால், கட்டுமானக் குறைபாட்டால் சுவர் சரிந்தால், கட்டட வேலைக்காகவோ வேறு காரணத்திற்காகவோ மண்ணைத் தோண்டியதால் சரிவு நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். சரிவை வெட்டிச் சமன் செய்து கொட்டகை போடுவது நீலகிரியில் வழக்கமான காரியம். அப்படிக் கட்டும்போது முறையான அனுமதியும் உறுதியான தடுப்புச் சுவரும் இருப்பது உயிருக்கு மட்டுமல்ல, பாலிசிக்கும் பாதுகாப்பு.

எவ்வளவு தொகைக்கு?

பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். பத்தாண்டுக்கு முன் வாங்கிய விலையையோ கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பையோ எழுதிவிடுகிறார்கள். எந்திரங்களுக்கு, அதே தரமும் திறனும் கொண்ட புதிய எந்திரத்தை இன்று வாங்க என்ன செலவாகும் என்பதே சரியான மதிப்பு. வண்டி வாடகையும் பொருத்தும் கூலியும் அதில் சேரும். மலைக்கு ஏற்றிக் கொண்டுவரும் செலவு சிறிதல்ல.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு பட்டறையில் உள்ள எந்திரங்களின் இன்றைய மதிப்பு 10 லட்சம் ரூபாய். பாலிசி எடுத்ததோ 6 லட்சத்திற்கு. வெள்ளத்தில் 2 லட்சம் ரூபாய்க்குச் சேதம். "6 லட்சத்திற்குப் பாலிசி இருக்கிறதே, 2 லட்சமும் வந்துவிடும்" என்று உரிமையாளர் நினைப்பார். ஆனால் சர்வேயர் விகிதக் கணக்குப் போடுவார். பத்தில் ஆறு பங்குக்குத்தான் காப்பீடு. ஆகவே சேதத்திலும் பத்தில் ஆறு பங்குதான். 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் வரும். அதிலும் பாலிசியில் குறித்த பிடித்தம் கழியும். மீதி 80 ஆயிரம் உரிமையாளர் தலையில். மேற்சொன்ன பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைப் பொருட்படுத்த மாட்டார்கள். அதாவது எட்டரை லட்சத்திற்கு எடுத்திருந்தால் இந்த வெட்டு விழுந்திருக்காது. பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பதாக எண்ணித் தொகையைக் குறைப்பது எவ்வளவு நஷ்டம் என்பது இதனால் விளங்கும்.

வங்கிக் கடனில் எந்திரம் வாங்கியவர்கள் "வங்கியிலேயே இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறார்கள்" என்று நிம்மதியாக இருப்பதுண்டு. அந்த பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது கடன் தொகைக்கு மட்டும் போடப்பட்டிருக்கலாம். கடனில் வாங்காத எந்திரங்கள் அதில் இல்லாமலும் இருக்கலாம்.

வேறு சில எச்சரிக்கைகள்

1. பாலிசியில் எழுதிய முகவரியில் எந்திரம் இருக்க வேண்டும். பட்டறையை இடம் மாற்றினால் உடனே எழுத்து மூலம் தெரிவித்து பாலிசியில் பதிவு செய்யுங்கள்.

2. பழுது பார்க்கவோ கூலி வேலைக்காகவோ பிறர் கொடுத்து வைத்த பொருட்கள் தாமாக பாலிசியில் சேரா. தனியே குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.

3. பிரீமியம் கம்பெனியைச் சேர்ந்த பின்னரே பொறுப்பு தொடங்கும். 1938-ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 64விபி பிரிவு இதைக் கண்டிப்பாகச் சொல்கிறது. காசோலை திரும்பினால் பாலிசி கையில் இருந்தும் பயனில்லை.

4. எந்திரத்தின் பெயர், வரிசை எண், வாங்கிய தேதி, பில் நகல், புகைப்படம் ஆகியவற்றைத் தொகுத்து, ஒரு பிரதியைப் பட்டறைக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். வெள்ளத்தில் எந்திரத்தோடு பில்லும் போய்விட்டால் எதைக் காட்டுவது?

சேதம் நேர்ந்தால்

முதலில் சேதம் மேலும் பரவாமல் தடுக்க வேண்டும். அது நமது கடமை என்று பாலிசியே சொல்கிறது. உடனே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கையும், திருட்டு என்றால் காவல்துறைப் புகாரின் நகலும் தேவை. சேற்றை அகற்றுமுன் படம் எடுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை பழுதான எந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

இழப்பீடு நியாயமின்றி மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டியதில்லை. தனி உரிமையாளர் தொழில்களும் குறுந்தொழில்களும் இந்த வசதியைப் பெறலாம். இவர் வழங்கக்கூடிய இழப்பீட்டின் உச்சவரம்பு 2023-ல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

பருவமழைக்கு முன் கூரையைச் சரிபார்ப்பது நம் வழக்கம். அத்துடன் பெட்டியில் இருக்கும் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். முகவரி சரியா, எந்திரப் பட்டியல் முழுமையா, தொகை இன்றைய விலைக்கு உரியதா என்ற மூன்றையும் பார்க்க அரை மணி நேரம் போதும். குறை இருந்தால் ஆண்டு முடியும்வரை காத்திராமல் இப்போதே கூடுதல் பிரீமியம் செலுத்தித் திருத்திக்கொள்ளலாம். மழை வந்த பிறகு திருத்த முடியாது.