புத்தகத்தை மூடிக் கேளுங்கள்

மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்காகக் காணியும் வீடும் விட்டுவந்த குடும்பங்கள் நாவுலப் பகுதியில் உண்டு. 2017இல் அதில் நீர் நிரப்பத் தொடங்கிய காலத்தில் பள்ளிக்கூடம் மாறிய சிறு பிள்ளைகள் இன்று க.பொ.த. பரீட்சைகளுக்கு ஆயத்தமாகிறார்கள். "எனக்குப் பரீட்சை சரிவராது" என்பார் சிலர். "எல்லாம் பாடம்" என்று எழும்பிவிடுவார் வேறு சிலர். பெற்றோரே, இவ்விரண்டு பேச்சையும் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக மாணவரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2006இல் வெளியானது. ஒரு பகுதியினர் ஒரே பாடத்தை நான்கு தவணைகளில் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு பகுதியினர் ஒரு தவணை மட்டும் வாசித்து, பின்பு மூன்று தடவை பாடத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் வாசித்தவர்களே. ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது அவர்களே முன்னின்றனர். ஒரு வாரம் கழிந்ததும் நிலை மாறியது: வாசித்தவர்களுக்கு 40 வீதமே நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 வீதம். பழகிய பக்கம் கண்ணுக்கு இலகுவாக இருக்கும். அந்த இலகுவைத்தான் பிள்ளை அறிவு என்று எண்ணிவிடுகிறது.

நமக்கு இது புதிதல்ல. பெரிய வெங்காய விதையைக் கையில் எடுத்துப் பார்த்து மட்டும் யாரும் மேடையில் போடுவதில்லை. நூறு விதையை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி, எத்தனை முளைத்தது என்று பார்த்த பிறகே நம்புகிறோம்.

பயந்த பிள்ளைக்கும் இதுவே மருந்து. "உன்னால் முடியும்" என்ற சொல்லைவிட, தானே செய்து முடித்த அனுபவமே தன்னம்பிக்கையை வலுவாக வளர்க்கும் என்று உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். (நாமோ புத்திமதி சொல்வதில்தான் வல்லவர்கள்!)

எழுத்தறியாத தாய்கூட இதைச் செய்யலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் புத்தகத்தை மூடச் சொல்லி, இன்று படித்ததைச் சொல்லக் கேளுங்கள். தடுமாறினால் ஏசவேண்டாம், அந்த இடத்தைப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு பிள்ளையே புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும். ஒரு வாரம் விட்டு அதையே மறுபடி கேளுங்கள். உயர்தர மாணவர் கடந்தகால வினாத்தாள் ஒன்றை, மணிக்கூட்டை முன்னால் வைத்து, குறித்த நேரத்துக்குள் எழுதிப் பழகட்டும். எத்தனை புள்ளி வருமென்று எழுதுமுன் ஒரு மூலையில் குறித்துவைத்து, திருத்திய பின் ஒப்பிடச் சொல்லுங்கள்.