இரண்டு கைகள் போதும்

கொச்சங்காடி பழைய ஊர். கேரளத்தில், கொச்சி நகரத்தின் மட்டாஞ்சேரிப் பகுதியில் இருக்கிறது. அங்காடி என்றால் கடைத்தெரு. 1344-ஆம் ஆண்டிலேயே யூதர்கள் இங்கே ஒரு தொழுகைக் கூடம் கட்டினார்கள். அந்தக் கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி பரதேசி யூதப் பள்ளியில் இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழிகள் கேட்கும். மூட்டை தூக்குவோர், மீன் விற்போர், துணி வெளுப்போர் என எல்லோரும் உழைப்பாளிகள். சந்துகள் குறுகியவை. வீடுகள் நெருக்கமானவை. பக்கத்தில் காயல்.

இப்படிப்பட்ட சந்தில் ஒருவர் திடீரென்று விழுந்தால் என்ன நடக்கும்? கூட்டம் கூடும். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். வண்டி வரட்டும் என்று மற்றவர்கள் காத்திருப்பார்கள். பத்து நிமிடம் போய்விடும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் உயிர் இருக்கிறது.

இதயம் நின்றால்

இதயம் ஒரு பம்பு. அது இரத்தத்தை உடல் முழுவதும் அனுப்புகிறது. மூளைக்கும் அனுப்புகிறது. இதயம் நின்றால் மூளைக்கு இரத்தம் போகாது. நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஆனால் ஒரு வழி உண்டு. மார்பை வெளியிலிருந்து கையால் அழுத்தினால் உள்ளே இரத்தம் ஓடும். கைகள் பம்பு வேலையைச் செய்யும். இந்த முதலுதவிக்கு சி.பி.ஆர். என்று பெயர். 1960-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் மூன்று பேர் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். அவர்களில் ஒருவரான கவென்ஹோவன் மருத்துவரே அல்ல. மின் பொறியாளர். இந்த வேலைக்குப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு கைகள் போதும்.

பெரியவர் விழுந்தால்

மாலை நேரம். தொடர்கல்வி மையத்தில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கிறார்கள். சுகாதாரச் செவிலியர் ஒரு பொம்மையைத் தரையில் கிடத்துகிறார்.

"சிஸ்டர், இதயம் நின்றுவிட்டது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார் ஒரு சுமைத் தொழிலாளி.

"நாடி பார்க்க வேண்டாம் அண்ணா. இரண்டே கேள்வி. கூப்பிட்டால் பதில் வருகிறதா? மூச்சு சரியாக வருகிறதா? இரண்டும் இல்லையென்றால் உடனே தொடங்குங்கள்" என்கிறார் செவிலியர்.

சில நேரம் விழுந்தவர் வாயைத் திறந்து திறந்து மூடுவார். கரையில் போட்ட மீனைப்போல அவ்வப்போது மூச்சை இழுப்பார். அது மூச்சு அல்ல. இதயம் நின்றதன் அடையாளம்.

செவிலியர் வரிசையாகச் சொல்கிறார்:

1. முதலில் சுற்றிலும் பாருங்கள். மின்சாரக் கம்பி கிடந்தால் தொடாதீர்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள்.

2. தோளைத் தட்டி, சத்தமாகக் கூப்பிடுங்கள். மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பத்து நொடிக்கு மேல் பார்க்க வேண்டாம்.

3. 108 எண்ணை அழையுங்கள். 112 எண்ணும் உண்டு. பக்கத்தில் இருப்பவரைக் கையால் காட்டி, "நீங்கள் பேசுங்கள்" என்று சொல்லுங்கள். சந்து குறுகலாக இருந்தால் ஒருவர் முனையில் போய் நிற்கட்டும். வண்டிக்கு வழி காட்டட்டும்.

4. ஆளைக் கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்துங்கள். கட்டில், மெத்தை கூடாது.

5. பக்கத்தில் மண்டியிடுங்கள். மார்பின் நடுவில், நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன்மேல் மறு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது.

6. உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். மார்பு 5 சென்டிமீட்டர் கீழே போக வேண்டும். அது ஏறக்குறைய மூன்று விரல் அகலம். 6 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

7. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலே வர விடுங்கள். அப்போதுதான் இதயத்தில் மறுபடி இரத்தம் நிறையும்.

8. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். அதாவது நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை.

9. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழமாக அழுத்தாது.

ஆள் அசையும்வரை, மூச்சு வரும்வரை, அல்லது ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பொறுப்பேற்கும்வரை நிறுத்தக் கூடாது.

"வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாமா?" என்று கேட்கிறார் மீன் விற்கும் ஓர் அம்மா.

"பயிற்சி பெற்றவர்கள் 30 முறை அழுத்தி, 2 முறை ஊதுவார்கள். பயிற்சி இல்லாதவர்கள் ஊத வேண்டாம். விடாமல் அழுத்தினாலே போதும்" என்கிறார் செவிலியர். இந்திய மயக்க மருந்து மருத்துவர்கள் சங்கம் 2017-ஆம் ஆண்டு பொதுமக்களுக்காக வெளியிட்ட வழிமுறையும் இதைத்தான் சொல்கிறது.

பிள்ளைக்கு எப்படி?

பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் இதயம் நிற்கும். பிள்ளைகளுக்கு அப்படி அல்ல. தண்ணீரில் மூழ்குவதாலோ, தொண்டை அடைப்பதாலோ முதலில் மூச்சு நிற்கும். பிறகுதான் இதயம் நிற்கும். அதனால் பிள்ளைகளுக்கு ஊதுவதும் முக்கியம். தெரியாவிட்டால் சும்மா நிற்கக் கூடாது. அழுத்தவாவது வேண்டும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு கையாலோ இரு கைகளாலோ அழுத்தலாம். மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அழுத்த வேண்டும். 30 முறை அழுத்தி 2 முறை ஊத வேண்டும். ஊதும்போது தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மார்பு மேலே எழும்பினால் ஊதியது சரி.

நீங்கள் தனியாக இருக்கிறீர்களா? கையில் போனும் இல்லையா? முதலில் இரண்டு நிமிடம் இதைச் செய்யுங்கள். பிறகு உதவி தேடிப் போங்கள்.

கைக்குழந்தைக்கு எப்படி?

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைக் குலுக்கக் கூடாது. உள்ளங்காலைத் தட்டிப் பாருங்கள். அசைவும் மூச்சும் இல்லையென்றால் தொடங்குங்கள். தலையை அதிகம் பின்னால் சாய்க்காதீர்கள். நேராக வையுங்கள்.

இரண்டு கைகளாலும் குழந்தையின் மார்பைச் சுற்றிப் பிடித்து, இரண்டு கட்டை விரல்களால் அழுத்தலாம். அல்லது ஓர் உள்ளங்கையின் அடியால் அழுத்தலாம். ஆழம் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். முன்பு இரண்டு விரல் நுனியால் அழுத்தச் சொன்னார்கள். அதில் ஆழம் போதவில்லை. அதனால் 2025-இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த முறையைக் கைவிட்டது.

ஊதும்போது குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடுங்கள். கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் மெதுவாக விடுங்கள். பலமாக ஊதினால் சின்ன நுரையீரல் தாங்காது.

தொண்டையில் அடைத்தால்

நிலக்கடலை, புளியங்கொட்டை, ரம்புட்டான் பழம் ஆகியவை குழந்தைகளின் தொண்டையை அடைக்கும். குழந்தை இருமினால் இருமட்டும். சத்தமே வராவிட்டால் உடனே செயல்படுங்கள்.

பெரியவரையும் பிள்ளையையும் முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையடியால் 5 முறை தட்டுங்கள். வெளியே வரவில்லையா? பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, உள்ளும் மேலுமாக 5 முறை இழுங்கள். மாறி மாறிச் செய்யுங்கள்.

கைக்குழந்தையின் வயிற்றை அழுத்தக் கூடாது. முன்கையில் தலைகீழாகச் சாய்த்து, முதுகில் 5 முறை தட்டுங்கள். திருப்பி, மார்பில் 5 முறை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் தோண்டாதீர்கள். அது இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பினால் சி.பி.ஆர். தொடங்குங்கள்.

தண்ணீரில் மூழ்கினால்

காயல் கரையில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீச்சல் தெரியாமல் குதிக்காதீர்கள். கயிறு, கழி, வேட்டி எதையாவது நீட்டுங்கள்.

"தலைகீழாகத் தூக்கிச் சுற்றினால் தண்ணீர் வெளியே வந்துவிடும் என்பார்களே?" என்று கேட்கிறார் ஒரு பாட்டி.

"அது தவறு, பாட்டி. நேரம்தான் வீணாகும். வயிற்றையும் அமுக்கக் கூடாது. மூச்சு இல்லையென்றால் முதலில் 2 முறை ஊத வேண்டும். பிறகு 30 முறை அழுத்த வேண்டும்" என்கிறார் செவிலியர்.

பயம் வேண்டாம்

விலா எலும்பு முறிந்துவிடுமோ? முறியலாம். எலும்பு ஆறும். போன உயிர் வராது.

பெண்ணை எப்படித் தொடுவது? இந்தத் தயக்கத்தால் பெண்கள் உயிர் இழக்கிறார்கள். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு இந்த உதவி குறைவாகவே கிடைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டின. உயிர் போகும் நேரத்தில் ஆண், பெண், சாதி, மதம் பார்க்கக் கூடாது.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ? சாலை விபத்தில் உதவுபவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கான விதிகளை உறுதி செய்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இது சேர்க்கப்பட்டது. நல்ல எண்ணத்தில் உதவுபவர் மேல் வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இப்படிச் செய்தால் எல்லோரும் பிழைப்பார்களா? இல்லை. ஆனால் எதுவும் செய்யாவிட்டால் பிழைப்பது மிக அரிது.

படித்தால் மட்டும் போதாது. கை பழக வேண்டும். பொம்மையில் பழகுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஆள்மேல் பழகக் கூடாது. 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் மாவட்டம் இந்தியாவிலேயே முதல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆனது. தெருத் தெருவாக மக்களே கற்றுக்கொடுத்ததால் அது முடிந்தது. இந்தப் பாடத்தையும் அப்படியே பரப்பலாம். ஒருவர் பத்துப் பேருக்குக் காட்டினால் ஒரு தெரு முழுவதும் கற்றுக்கொள்ளும்.

நினைவில் வைப்போம்

பதில் இல்லை, சரியான மூச்சு இல்லை என்றால் உடனே தொடங்கு.
108-ஐ அழை.
மார்பின் நடுவில் ஆழமாக, வேகமாக அழுத்து.
உதவி வரும்வரை நிறுத்தாதே.

பயிற்சி

1. நிமிடத்துக்கு எத்தனை முறை அழுத்த வேண்டும்? எண்ணால் எழுதுங்கள்.
2. பிள்ளைகளுக்கு ஊதுவது ஏன் முக்கியம்?
3. கைக்குழந்தையின் தொண்டை அடைத்தால் எதைச் செய்யக் கூடாது?
4. உங்கள் தெருவுக்கு ஆம்புலன்ஸ் எதுவரை வரும்? வழி சொல்லும் மூன்று அடையாளங்களை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.