ஓடை நீரும் நம் கிணற்று நீரும்

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகே ஓடும் நீரை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்பதை, ஆறே இல்லாத காரைநகரில் இருக்கும் நாம் ஏன் படிக்க வேண்டும்? அதே முறை நம் கிணறுகளுக்கும் உதவும் என்பதால்தான்.

நிலக்கரியோடு பைரைற்று என்னும் கனிமம் கலந்திருப்பதுண்டு. அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தோண்டும்போது காற்றும் நீரும் பட்டு அதிலிருந்து சல்பூரிக்கமிலம் உண்டாகிறது. இந்தியாவின் மேகாலயா மாநிலத்தில், ஜெயிந்தியா மலைப் பகுதியின் ஆறுகள் சில இவ்வாறு கெட்டன. அங்கு எலிவளை போன்ற சுரங்கங்கள் தோண்டுவதை 2014இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்தது.

சுரங்கத்துக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் ஓடை நீரைச் சோதித்தால், இடையில் சேர்ந்தது எதுவெனத் தெரியும். ஆனால் செறிவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஓர் உதாரணம்: கோடையில் செக்கனுக்கு 10 லீற்றர் நீர் ஓடுகிறது, லீற்றருக்கு 100 மில்லிகிராம் சல்பேற்று இருக்கிறது. செக்கனுக்கு 1 கிராம் செல்கிறது. மாரியில் 100 லீற்றர் ஓடுகிறது, செறிவு 20 மில்லிகிராம்தான். நீர் சுத்தமாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் செக்கனுக்கு 2 கிராம் செல்கிறது!

நமக்கு நீரோட்டத்தின் இடத்தில் இருப்பது கிணற்றின் நீர்மட்டம். சுண்ணக்கல்லுக்குள் மழைநீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் இருக்கலாம் என்பது கணக்கு. அதனால் பம்பு போட்டு மட்டத்தைச் சிறிது இறக்கினாலும் உவர்நீர் மேலேறும்.

உப்பை மின்கடத்துதிறன் மானி காட்டும். எண்ணெயை அது காட்டாது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் எண்ணெய்க் கழிவால் கிணறுகள் மாசடைந்த வழக்கில், நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. எதைச் சந்தேகிக்கிறோமோ அதற்குரிய சோதனையையே கேட்க வேண்டும்.

நீர்மட்டத்தை அளக்க முடிச்சிட்ட கயிறும் ஒரு கொப்பியும் போதும். மாதம் ஒருமுறை, காலையில் பம்பு போடுமுன், கிணற்றுக் கட்டின் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும். மாரி முடிந்த கையோடு தொடங்கினால் அந்த வருடத்தின் உயர்ந்த மட்டம் கிடைத்துவிடும். கோடையில் எவ்வளவு இறங்கியது என்பதை அதிலிருந்து கழித்துப் பார்க்கலாம்.