படத்தில் வந்த ஆட்டமும் பாவாடையில் ஆடிய ஆட்டமும்

1943இல் பேஸ்பால் வீரர் பலர் போருக்குச் சென்றதால், சூயிங்கம் வணிகர் பிலிப் ரிக்லி அமெரிக்கப் பெண்களுக்கெனத் தொழில்முறை லீக் ஒன்றைத் தொடங்கினார். ரசீன், கெனோஷா, ராக்போர்ட், சவுத் பென்ட் ஆகிய நான்கு ஊர்களின் அணிகள் மோதின.

1992இல் வந்த 'எ லீக் ஆஃப் தேர் ஓன்' திரைப்படம் அவ்வாண்டையே கற்பனை கலந்து காட்டுகிறது. அதில் ராக்போர்ட் அணி ஏழாவது ஆட்டம்வரை போராடி ரசீனிடம் தோற்கிறது. உண்மையில் ரசீனிடம் தோற்றது கெனோஷா. அதுவும் மூன்றே ஆட்டங்களில்!

பந்தோ 12 அங்குலச் சுற்றளவு. கையைத் தாழ்த்தியே எறிய வேண்டும். பெண்மை தெரியவேண்டுமென்று குட்டைப் பாவாடை கட்டாயம். சறுக்கித் தளத்தைத் தொடும்போது தொடைத் தோல் உரிந்துவிடும். ஆண்களை இப்படி ஆடச் சொல்வார்களா என்று நாம் கேட்காமல் இருக்க முடியவில்லை. படம் அந்தக் காயத்தை மறைக்கவில்லை. அதற்காகவே கதையை மாற்றியதை நாம் மன்னித்துவிடலாம்.