மலிவான பழைய பைபர் படகா? வாங்கும் முன் தட்டிப் பாருங்கள்!

2004 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர் கரைகளுக்கு ஏராளமான பைபர் படகுகள் வந்தன. அவற்றில் மிஞ்சியவற்றுக்கு இன்று வயது இருபதுக்கு மேல். காரிமங்கலம் போன்ற உள்நாட்டு ஊரிலிருந்து குடும்பத்துக்காக அப்படியொன்றை வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது என்ஜினை அல்ல, அதைத் தாங்கும் பின்பலகையை. பைபர் மக்காது என்பது உண்மைதான். ஆனால் பல படகுகளில் பின்பலகைக்குள்ளும் அடிச்சட்டங்களுக்குள்ளும் இருப்பது மரம். போல்ட் துளை வழியே நீர் புகுந்தால், வெளிப்புறம் பளபளக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். மரச்சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். ஓசை ஓரிடத்தில் மட்டும் மந்தமாக மாறினால் அங்கே சிதைவு இருக்கலாம்.

“பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் போதாதா?” என்பார்கள். போதாது. பெயின்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவிடும். என்ஜினின் எடையும் உந்துவிசையும் உளுத்த மரத்தின் மேலேயே விழும். கெட்ட மரத்தை வெட்டியெடுத்து, நன்கு உலர்த்தி, ஓரங்களைத் தடிமனைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழையையும் ரெசினையும் அடுக்கடுக்காக இட வேண்டும். எபாக்சி விலை அதிகம்தான். ஆனால் பழைய பைபரில் பாலியஸ்டரைவிட உறுதியாகப் பிடிக்கும். பாலியஸ்டர்தான் என்றால், அதை இறுகச் செய்யச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கிய பிறகே ஹார்டனர். தேய்க்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம்.

செலவைக் கூட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள். உள்ளூர் அணையில் படகை இறக்க அனுமதி, படகுப் பதிவு, ஆளுக்கொரு உயிர்காப்பு உடை ஆகியவையும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.