ரோபோ வேக்குவம் கிளீனர் வாங்கலாமா? 10 குறிப்புகள்

தானே ஓடித் தரையைப் பெருக்கும் ரூம்பா என்ற கருவியை அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் 2002-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் அபார்ட்மென்ட்களிலும் இத்தகைய கருவிகள் ஓடுகின்றன. பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்குவது பயன்படுமா என்பது விளம்பரத்தைவிட உங்கள் வீட்டுத் தரையைப் பொறுத்தது. பணம் கட்டும் முன் இவற்றைச் சரிபாருங்கள்.

1. தரை எப்படி? டைல்ஸ், மார்பிள், கிரானைட், மொசைக் போன்ற சமமான தரையில் இந்தக் கருவி நன்றாக வேலை செய்யும். பெயர்ந்த சிமென்ட் தரையில் சக்கரம் திணறும். கல்லுக்குக் கல் இடுக்கு உள்ள தரையில் மண் உள்ளேயே தங்கிவிடும்.

2. நிலைப்படியை அளந்து பாருங்கள். பெரும்பாலான கருவிகள் சுமார் 2 செ.மீ. உயரம் வரைதான் ஏறும். பழைய வீடுகளின் மர நிலைப்படி அதைவிட உயரமாக இருக்கும். அறைக்கு அறை நீங்களே தூக்கி வைக்க வேண்டுமானால் வாங்குவதில் அர்த்தமில்லை.

3. கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி? மேலே லேசர் கோபுரம் உள்ள மாடல்கள் ஏறக்குறைய 10 செ.மீ. உயரம் இருக்கும். கட்டில், சோபாவுக்கு அடியில் 11 அல்லது 12 செ.மீ. இருந்தால் சிக்காமல் போய்வரும். முதுகுவலி, மூட்டுவலியால் குனிய முடியாதவர்களுக்கு இந்தக் கருவியின் மிகப் பெரிய உதவியே இதுதான்.

4. பாஸ்கல் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். உறிஞ்சும் சக்தியைக் குறிக்கும் இந்த எண் தடித்த கம்பளத்துக்குத்தான் முக்கியம். டைல்ஸ் தரைக்கு, வீட்டை அளந்து வரைபடம் போட்டு வரிசையாகப் பெருக்கும் திறன்தான் தேவை. லேசர் மாடல் இருட்டிலும் வழி கண்டுபிடிக்கும். கேமராவை மட்டும் நம்பும் மாடலுக்கு வெளிச்சம் வேண்டும். வரைபடம் இல்லாத மலிவு மாடல் முட்டி முட்டித் திரும்பும். ஒரே இடத்தைப் பலமுறை பெருக்கி, இன்னோர் இடத்தை விட்டுவிடும்.

5. எதைச் செய்யும், எதைச் செய்யாது? தூசி, முடி, உதிர்ந்த பூ, சிந்திய அரிசி ஆகியவற்றை எடுத்துவிடும். வட்ட வடிவக் கருவி அறை மூலையின் கடைசி வரை எட்டாது. ஒட்டடை, ஜன்னல் கம்பி, மாடிப்படி எல்லாம் உங்கள் பொறுப்பு. வாரம் ஒருமுறையாவது துடைப்பம் எடுக்கத்தான் வேண்டும்.

6. மாப் வசதிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஈரத் துணியை இழுத்துச் செல்லும் சாதாரண மாடல் மேலோட்டமான தூசியைத்தான் துடைக்கும். காய்ந்த சாம்பார்த் துளியும் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கும் கையால் தேய்த்தால்தான் போகும். தண்ணீர்த் தொட்டியில் ஃபினாயில் ஊற்றாதீர்கள். நிறுவனம் அனுமதித்த திரவம் மட்டும் போதும். துணியை ஒவ்வொரு முறையும் அலசி வெயிலில் உலர்த்தாவிட்டால் வீடே நாறும்.

7. ஓடவிடும் முன் தரையை ஒழுங்குபடுத்துங்கள். சார்ஜர் வயர், சாக்ஸ், சின்ன பொம்மைகள், மிதியடியின் நூல் குஞ்சம் ஆகியவை பிரஷ்ஷில் சுற்றிக்கொள்ளும். சிந்திய பால், குழந்தை அல்லது நாய்க்குட்டி செய்த அசுத்தம் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதை வீடு முழுக்கப் பூசிவிடும். கோலமாவு, மைதா போன்ற நைஸ் மாவு ஃபில்டரை அடைக்கும். தரையில் விளக்கு எரியும் பூஜையறையைக் கருவியின் மொபைல் செயலியில் தடைப் பகுதியாகக் குறித்து வையுங்கள்.

8. கறுப்புத் தரையில் நிற்கிறதா? படியிலிருந்து விழாமல் காக்க, அடியில் உள்ள சென்சார் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது திரும்புகிறதா என்று பார்க்கும். கறுப்பு விரிப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் பள்ளம் என்று நினைத்து நின்றுவிடும். சென்சாரில் தூசி படிந்தாலும் இப்படி நேரும். உலர்ந்த மென்துணியால் துடைத்து வாருங்கள்.

9. கருவிக்கும் கவனிப்பு வேண்டும். தூசிப் பெட்டியைத் தினமும் கொட்டுங்கள். பிரஷ்ஷில் சுற்றிய தலைமுடியை வாரம் ஒருமுறை கத்தரியால் வெட்டி எடுங்கள். கழுவலாம் என்று குறிப்பிட்ட ஃபில்டரை மட்டும் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஃபில்டர், பக்க பிரஷ், பேட்டரி ஆகியவற்றின் விலையையும், உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். பேட்டரி சில ஆண்டுகளில் தேயும். மாற்றுப் பேட்டரி கிடைக்காத மாடலைத் தவிர்த்துவிடுங்கள்.

10. யார் வாங்கலாம்? ஒரே மட்டத் தரை, தினமும் சேரும் தூசி, வேலைக்குப் போகும் தம்பதி அல்லது தனியே வாழும் முதியவர்: இப்படிப்பட்ட வீட்டுக்கு இது நல்ல முதலீடு. சின்ன வீடு, நிறைய சாமான், உயர்ந்த நிலைப்படி என்றால் நல்ல துடைப்பமும் சாதாரண வேக்குவம் கிளீனரும் போதும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவை நிறுத்தி மிச்சம் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பாத்திரம், அடுப்படி, பாத்ரூம் என்று அவர் செய்யும் மற்ற வேலைகளை இந்தக் கருவி செய்யாது. தினசரித் தூசியை இதனிடம் விட்டால் அவருடைய முதுகுக்கும் உங்கள் முதுகுக்கும் ஓய்வு கிடைக்கும். கொடுக்கும் பணத்துக்கு அதுவே போதுமான பலன்.